காசு செல்லும், குரல் செல்லாது

போன வாரம் பாடகி நாகரத்தினம்மாளைத் திருவையாற்றில், அவரே கட்டிய கோயிலின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். இந்த ஏழு நாளும் உங்கள் மனசும் அங்கேயேதான் நின்றிருக்கும்.

வாருங்கள், உள்ளே போவோம்.

போகத் தடையில்லை. தியாகராஜரின் சமாதியைச் சுற்றி வரலாம். விழுந்து கும்பிடலாம். அர்ச்சனைக்குப் பூ கொடுக்கலாம், அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கலாம். ஆனால் நாகரத்தினம்மாள் கேட்பது வேறு. சுவாமியின் சந்நிதியில் ஒரு ஹரிகதை சொல்ல வேண்டும். மனசாரப் பாட வேண்டும்.

முடியாது.

பெண்கள் இங்கே பாடும் வழக்கம் இல்லை.

யார் காசில் எழும்பிய சுவருக்குள் நின்றுகொண்டு, யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. மைசூரிலிருந்து குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் நினைவிருக்கிறதல்லவா? திருவையாற்றில் சமாதி சீரழிந்து கிடக்கிறது, கவனிக்க ஆளில்லை, நீ ஏதாவது செய் என்ற கடிதம். சென்னையில் புகழின் உச்சியில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு ஓடி வந்தார். நிலத்துக்காக அலைந்தார். 1921-ல் அஸ்திவாரம் போட்டார். கச்சேரி கச்சேரியாகப் பாடிச் சேர்த்த பணம் செங்கல்லாக மாறியது. 1926 பிறந்ததும் கும்பாபிஷேகம்.

பணத்தை வாங்கிக்கொண்டார்கள். குரலை வேண்டாம் என்றார்கள்.

திருவையாற்றில் அப்போது தியாகராஜருக்கு ஆராதனை ஒன்றல்ல, இரண்டு. பெரிய கட்சி, சின்னக் கட்சி. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் ஒரு பக்கம், பஞ்சு பாகவதர் இன்னொரு பக்கம். அந்தச் சண்டையை நாலு வாரம் முன்பே விலாவாரியாகப் பார்த்துவிட்டோம். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் கைகோத்து நின்றன.

பெண் பாடக் கூடாது.

அவர்களை வில்லன்களாக்கிவிட்டு நகர்வது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அந்தப் பாகவதர்களின் பக்தியில் கலப்படம் இல்லை. யாரும் சீந்தாத காலத்திலும் தை மாதத்துப் பஞ்சமி தவறாமல் சுவாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தவர்கள் அவர்கள். அப்படியானால் எதற்கு இந்தப் பிடிவாதம்?

பயம்.

காலம் மாறிக்கொண்டிருந்தது. ஜமீன் மாளிகைகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் இருந்த சங்கீதம் சபாக்களுக்கு வந்துவிட்டது. டிக்கெட் வாங்கி வக்கீல்களும் குமாஸ்தாக்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். சங்கீதத்துக்கு ஒரு புது மரியாதை, ஒரு தெய்விகக் களை. அந்தக் களை கலைந்துவிடக் கூடாதே என்ற கவலை. அப்போது குடும்பப் பெண்கள் என்று சொல்லப்பட்டவர்கள் பொதுவில் பாடுவதில்லை. டி.கே. பட்டம்மாள் மேடையேறி அந்த வழக்கத்தை உடைத்ததெல்லாம் இன்னும் சில வருஷம் கழித்து. ஆக, அன்றைக்கு ஊரறியப் பாடிய பெண் என்றால் அநேகமாக தேவதாசிக் குலத்துப் பெண்தான். பெண்கள் பாடக் கூடாது என்று பொதுவாகச் சொன்னதற்கு உள்ளே, தாசிகள் இங்கே வரக் கூடாது என்ற பேச்சு ஒளிந்திருந்தது.

துறவியின் சமாதி. அதன் எதிரே தாசியா?

நாகரத்தினம்மாளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பதினாறு, பதினேழு வருஷத்துக்கு முன்பே இதே பேச்சை வேறு வார்த்தையில் கேட்டவர் அவர். அதையும் கிளப்பியது இந்தத் தஞ்சை மண்தான். அங்கே ஒரு எட்டு போய் வந்தால்தான் இன்று சமாதி வாசலில் அவர் முகம் ஏன் வாடவில்லை என்பது புரியும்.

திருவையாற்றிலிருந்து காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறு தாண்டினால் தஞ்சாவூர் அரண்மனை. மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் காலம். அவையில் ஒரு பெண். பெயர் முத்துப்பழனி. கணிகையர் குலம். தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் கரை கண்டவள். தன் காவியத்தின் தொடக்கத்தில் தன்னைப் பற்றி அவள் சொல்லிக்கொள்ளும் விதமே அலாதி. பாட்டியின் பெயரைப் பெருமையோடு சொல்கிறாள். எத்தனை புலவர்கள் தன்னைப் பாடியிருக்கிறார்கள், தன்னைப்போல் புலவர்களை ஆதரித்தவள் யார் என்று நிமிர்ந்து நின்று கேட்கிறாள். 

அவள் எழுதிய காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. ராதையைச் சமாதானம் செய்தல்.

கதை இதுதான். இளா என்ற பெண்ணை ராதை கைக்குழந்தையிலிருந்து வளர்க்கிறாள். வயது வந்ததும் கண்ணனுக்குத் தானே கல்யாணம் செய்து கொடுக்கிறாள். முதலிரவுக்கு அவளை அலங்கரித்து, புத்தி சொல்லி அனுப்புகிறாள். கண்ணனுக்கும் பக்குவம் சொல்கிறாள், சின்னப் பெண், பார்த்து நடந்துகொள் என்று. அனுப்பிவிட்டுத் தன் அறைக்குத் திரும்புகிறாள்.

அங்கேதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பொறாமை. ஏக்கம். கோபம். உடம்பின் தவிப்பு. கண்ணன் ஓடி வந்து காலில் விழுந்து கெஞ்ச வேண்டியதாகிறது. காவியம் முழுக்க ஆசைப்படுபவள் பெண். கேட்பவள் பெண். வேண்டியது கிடைக்காவிட்டால் கதவைச் சாத்துபவளும் பெண். ஆண்கள் எழுதிய சிருங்காரக் காவியங்கள் தஞ்சை அவையில் எத்தனையோ அரங்கேறியிருந்தன. அவற்றில் பெண் வர்ணிக்கப்படுவாள். இதில் பெண் பேசுகிறாள். அன்றைய சபை கேட்டது, ரசித்தது. முத்துப்பழனியின் பேர் ஓங்கியது.

நூறு வருஷத்துக்கு மேல் போனது. அதே பாட்டு அசிங்கமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர், அவள் தன்னைப் பற்றிச் சொன்ன பகுதியை வெட்டிவிட்டார். சூடான பாடல்கள் சிலவற்றையும் எடுத்துவிட்டார். வீரேசலிங்கம் பந்துலு தன் தெலுங்குக் கவிஞர் வரலாற்றில் முத்துப்பழனியின் நடத்தையையே பழித்தார். பெண் காதால் கேட்கவும் தகாத சங்கதிகள் பெண் வாயிலிருந்து வந்திருக்கின்றனவே என்பது அவருடைய அதிர்ச்சி. கவனியுங்கள், இவர் பிற்போக்குவாதி அல்ல. விதவைகளுக்கு மறுமணம் செய்துவைக்க ஊரோடு மல்லுக்கட்டிய மனிதர். பெண் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் வைத்தவர். அவருக்கே பெண்ணின் ஆசை பெண்ணின் வாயால் வந்தபோது தாங்கவில்லை.

நாகரத்தினம்மாள் அந்தக் காவியத்தைப் படித்தார். முதலில் அச்சுப் புத்தகம். பிறகு சுவடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வெட்டுக்காயங்கள் தெரிந்தன. விடுபட்டதையெல்லாம் சேர்த்து, 1910-ல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் மூலம் முழுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். முன்னுரையில் நேராகவே கேட்டார். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்குக் கிடையாதா? பந்துலு தாமே பார்த்துத் திருத்தி அச்சுக்கு ஒப்புதல் கொடுத்த புத்தகங்களில் இருப்பது இதைவிடக் குறைவா?

ஒரு தாசிப் பெண் ஆந்திர தேசத்தின் பெரிய சீர்திருத்தக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள்!

விளைவு என்ன? 1911-ல் சர்க்கார் தலையிட்டது. ஆபாசம் என்று முத்திரை விழுந்தது. போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. பண்டிதர்கள் மனுப் போட்டும் அசையவில்லை. அந்தத் தடை விலக தங்குடூரி பிரகாசத்தின் ஆட்சிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, சென்னையில் ஒரு தீர்ப்பு: பெண் வாய் காமத்தைப் பேசக் கூடாது.

திருவையாற்றில் இன்னொரு தீர்ப்பு: பெண் வாய் பக்தியைப் பாடக் கூடாது.

பேச்சில் என்ன இருந்தது என்பதல்ல அவர்கள் பிரச்சினை. வாய் யாருடையது என்பதுதான். இதை நாகரத்தினம்மாளைவிடத் தெளிவாகப் பார்த்தவர் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஒரு நிமிஷம் கடல் தாண்டிப் போய் வரலாம். ஏறக்குறைய இதே சமயத்தில் சீனாவில் என்ன நடக்கிறது தெரியுமா? 1928 தொடக்கத்தில் ஷாங்காய்ப் பத்திரிகை ஒன்றில் ஒரு கதை வருகிறது. காசநோயோடு பெய்ஜிங்கில் ஒரு வாடகை அறையில் கிடக்கும் இளம்பெண் ஒருத்தி, ஓர் ஆணின் உதட்டைப் பார்த்துத் தனக்கு வந்த ஆசையைத் தன் நாட்குறிப்பில் எழுதுகிறாள். தன்னைக் கண்டே வெறுப்படைகிறாள். மறுபடியும் ஆசைப்படுகிறாள். எழுதியவர் டிங் லிங். வயது இருபத்து மூன்று. 'சோபியாவின் நாட்குறிப்பு' அந்தத் தேசத்தையே திடுக்கிட வைத்தது. கால்கட்டும் கட்டாயக் கல்யாணமும் ஒழியட்டும் என்று முழங்கிய புதுமைவாதிகளின் நடுவிலேயே, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே பேசியது அதிர்ச்சியாக இருந்தது. டிங் லிங்குக்கு முத்துப்பழனியைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

போதும், காவிரிக் கரைக்குத் திரும்புவோம். நம் அம்மாள் காத்திருக்கிறார்.

1927. ஆராதனை நேரம். நாகரத்தினம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு. அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, கோபித்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுவது. அங்கே சபாக்கள் இருக்கின்றன. ரசிகர்கள் இருக்கிறார்கள். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாத்தியம் இருக்கிறது. இந்த ஊர் ராஜாங்கம் அவருக்கு எதற்கு?

இரண்டு, சண்டை. நான் கட்டிய கட்டடம், நான் வாங்கிய நிலம், எல்லாரும் வெளியே போங்கள் என்று கதவைப் பூட்டுவது.

மூன்று, கெஞ்சுவது. பாகவதர்களின் வீட்டுத் திண்ணையில் போய் நிற்பது.

மூன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம்.

அம்மா புட்டலட்சுமியை நினைத்துக்கொள்ளுங்கள். நஞ்சன்கூட்டில் ஒரு வக்கீல் ஆதரித்தார். பிறகு கைவிட்டார். கைக்குழந்தையோடு அந்தத் தாய் என்ன பாடுபட்டாள் என்று தொடக்க வாரங்களில் பார்த்தோம். நாகரத்தினம் வளர்ந்ததே அந்தப் பாடத்தில்தான். ஓர் ஆணின் மனசு மாறினால் பெண்ணுக்கு வீடு மாறும், ஊர் மாறும், சோறு மாறும். ஜட்ஜும் ஜமீன்தாரும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அடுத்த வருஷம் வேறொருத்தியைக் கொண்டாடுவார்கள். யாரும் போ என்று சொல்ல முடியாத ஒரு இடம் அந்தக் குலத்துப் பெண்ணுக்கு இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது?

திருவையாற்றில் அவர் கட்டியது அந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே விட்டுவிட்டு ரயிலேற முடியாது. பூட்டவும் முடியாது, சுவாமி எல்லாருக்கும் பொது. கெஞ்சவும் முடியாது, கெஞ்சிப் பெற்றதை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் இருந்தது. தியாகராஜர் யார் என்று இந்தப் பாகவதர்களுக்குத் தெரியும், நாகரத்தினம்மாளுக்கும் தெரியும். அந்த மகான் காதில் முதலில் விழுந்த சங்கீதம் எது? தாயார் சீதம்மா பாடிய தேவர்நாமா. அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் எல்லாரும் சொல்வது அது. ஒரு பெண்ணின் குரல்தான் அவருக்கு முதல் குரு. அவரே எழுதிய 'நௌகா சரித்திரம்' எதைப் பற்றியது? யமுனையில் கண்ணனோடு ஓடம் ஏறிய கோபிகைகளைப் பற்றியது. ஓடத்தில் ஓட்டை விழுகிறது. உடுத்திய துணியைக் கொடுத்து அடையுங்கள் என்கிறான் கண்ணன். அவர்கள் கொடுக்கிறார்கள். சிருங்காரமும் சரணாகதியும் ஒரே ஓடத்தில் போகின்றன! கோபிகைகளுக்கு அத்தனை பாட்டு எழுதிக் கொடுத்தவர் சந்நிதியில், கோபிகை வேஷம் போட்டாவது ஆண் பாடலாம், பெண் பாடக் கூடாதாம்.

நாகரத்தினம்மாள் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை.

பெண்களைக் கூட்டினார்.

தன் குலத்துப் பெண்கள். பாடத் தெரிந்தவர்கள், வீணை மீட்டத் தெரிந்தவர்கள், ஸ்வரமும் லயமும் பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். சபாக்களில் கைதட்டல் வாங்கியும் சமாதியில் இடம் கிடைக்காதவர்கள். அவர் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா?

அந்த ஒரு மணி நேரத்தை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கிறேன். தை மாதக் காலை. கரையெங்கும் ஜனம். ஆற்றில் முழுகி ஈர வேட்டியோடு ஏறி வருகிறார்கள். உஞ்சவிருத்தி கோஷ்டியின் ஜால்ரா சத்தம். எல்லாருடைய கண்ணும் ஒரு பெண்மேல். என்ன செய்யப் போகிறாள்? அழுவாளா? கத்துவாளா? மூட்டை கட்டுவாளா?

அவர் நடந்தார்.

வாசல் பக்கம் அல்ல. ஊர் போகும் பாதை அல்ல.

கோயிலின் பின்பக்கம்.

கூடவே பெண்கள். அங்கே உட்கார்ந்தார்கள். சுருதி சேர்த்தார்கள். முன்னால் இரண்டு கட்சி. பின்னால், இதோ, மூன்றாவது கட்சி.

பாடினார்கள்.

மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுவதில்லை, பக்கத்து வரப்பை உடைத்துக்கொண்டு வயலுக்குள் பாயும். இதைக் காவிரிக் கரை ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூது இல்லை, மனு இல்லை, யாருடைய உத்தரவும் இல்லை. இடம் முன்னாலா பின்னாலா என்று ஆண்கள் கட்டிக்கொண்டு அழட்டும். உள்ளே இருப்பவர் ஒருவர்தான். அவர் காதுக்கு முன்பக்கம், பின்பக்கம் ஏது?

ஊர் பேர் வைத்தது: பெண்கள் கட்சி.

கேலியாக வைத்தார்களா, வியந்து வைத்தார்களா? இரண்டும் கலந்திருக்கும். ஆனால் பேர் நிலைத்துவிட்டது. அடுத்த வருஷமும் வந்தார்கள். அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். பின்பக்கம் என்று ஒதுக்கிவிட முடியாத கூட்டம் சேர்ந்தது. கடைசியில் மூன்று கட்சியும் ஒன்றாகி, ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் பாட ஆரம்பித்தபோது 1940-கள் பிறந்துவிட்டன. அதற்குள் நாகரத்தினம்மாள் அறுபதைத் தாண்டிவிட்டார். இன்று ஆராதனையில் பஞ்சரத்தினம் பாட வரிசையாக உட்காரும் பெண்களில் பலர், எதிரே கைகூப்பிச் சிலையாக அமர்ந்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. 1952-ல் கண்மூடியவருக்கு அங்கேயே, சுவாமியின் எதிரிலேயே நினைவிடம் எழுந்தது. தடை நீங்கிய 'ராதிகா சாந்த்வனமு' மறுபடி அச்சாகி வந்ததும் அதே 1952-ல்தான்.

ஆனால் அவசரப்படாதீர்கள். கதை அங்கே இன்னும் போகவில்லை. நாம் 1927-லேயே இருக்கிறோம்.

ஏனென்றால் பெண்கள் கட்சி பாடத் தொடங்கிய அதே வருஷம், சென்னைச் சட்டசபையில் வேறொரு பெண் எழுந்து நின்றார். புதுக்கோட்டைக்காரர். டாக்டர். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர். முத்துலட்சுமி ரெட்டி. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயாரும் அதே குலத்தில் பிறந்தவர்தான்.

திருவையாற்றுக்குக் கிழக்கே, மாயவரம் பக்கத்தில் இன்னொரு பெண் துள்ளி எழுந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். சிறு வயதில் பத்து ரூபாய்க்கும் பழைய புடவைக்கும் விற்கப்பட்டவர். பொட்டுக்கட்டு ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய், தாசி வீட்டுக் கதவையே தட்டிப் பேசியவர்.

இந்த இரண்டு பேரோடும் மூன்றாவதாக நம் நாகரத்தினம்மாள் போய் நின்றிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லை.

எதிர் அணியில் நின்றார். சென்னையில் தேவதாசிகளைத் திரட்டி, இந்தச் சட்டம் வேண்டாம் என்று சர்க்காருக்கு மகஜர் கொடுத்தவர்களில் முன்னால் நின்றது அவர்.

முத்துப்பழனிக்காகப் போலீஸைப் பகைத்துக்கொண்டவர். சமாதியில் பெண் குரலுக்காக இரண்டு கட்சியையும் பகைத்துக்கொண்டவர். பெண்களைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்று ஒரு பெண்ணே சொல்லும்போது, அதை அவர் ஏன் எதிர்த்தார்? அந்த மகஜரில் என்ன கேட்டிருந்தார்கள்? ராமாமிர்தம் அம்மையார் அதற்கு என்ன பதில் வைத்திருந்தார்?

அடுத்த வாரம்.